இளக்காரமாக நினைத்த பாடம்

சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பத்தாரைப் பறிகொடுத்த மதுரை அமெரிக்க மிஷனரிகள், 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். மலைக்காற்று நோயை அண்டவிடாது என்ற நம்பிக்கை.

அதே மலையில், கவுஞ்சி தாண்டி உள்ள எங்கள் போளூரில் மலைக்காற்றுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் 1963-இல் என் தங்கை வாந்திபேதியில் ஒரே நாளில் போய்விட்டாள். பேதியாகும்போது தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

1974-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். அரசுக் கல்லூரி என்பதால் எங்கள் வீட்டுக்குக் கட்டுப்படியானது. எம்.பி.பி.எஸ். பாடங்களில் பி.எஸ்.எம். என்று ஒன்று உண்டு. நோய்த்தடுப்பு, சமூக மருத்துவம். கிணறு, கக்கூஸ், கொசு பற்றிய பாடம்தானே என்று எங்களில் பலருக்கு இளக்காரம்.

அந்தப் பாடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1939-இலேயே சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, 1946-இல் தந்த அறிக்கையில், மருத்துவ மாணவர்களுக்கு நோய்த்தடுப்பு, சமூக மருத்துவத்தில் மூன்று மாதப் பயிற்சி வேண்டும் என்றது. நம் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அந்தக் குழுவில் இருந்தார்.

ஒருநாள் வகுப்பில் 1971 வங்கதேச அகதிகளைப் பற்றி ஆசிரியர் சொன்னார். எல்லையில் பங்காவ்ன் ஊரில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் தண்ணீரில் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா கலந்து, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. இனிப்பு சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதே அதன் சூட்சுமம்.

அதற்குமேல் என்னால் குறிப்பெடுக்க முடியவில்லை. தங்கை கிடந்த அன்று எங்கள் வீட்டில் உப்பு, சர்க்கரை, தண்ணீர் மூன்றும் இருந்தன.

அந்த விடுமுறையில் ஊர்ப் பெண்களுக்குக் கலக்கிக் காட்டினேன். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. அம்மா ஓரமாக நின்று பார்த்தார். எல்லோரும் போனபின், "இவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கடையிலேயே கிடைக்கிறது. கிடைக்காத நேரத்துக்கு இந்த அளவு நினைவில் இருக்கட்டும்.