சொல்லின் இடம்: நிகண்டிலிருந்து செய்நிரல் வரை

பட்டியல் ஒன்றில் ஓர் உறுப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கண்டறிவது செய்நிரலாக்கத்தின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. பைதன் மொழியில் 'இண்டெக்ஸ்' என்ற ஒரு கட்டளை போதும். அது தரும் எண் பட்டியலோடு கூடவே பிறந்ததுபோலத் தோன்றும். தமிழ்ச் சொற்களை அடுக்கிய வரலாறு அப்படிச் சொல்லவில்லை. எதை ஓர் உறுப்பாகக் கொள்வது, எந்த ஒழுங்கில் வைப்பது, எங்கிருந்து எண்ணுவது ஆகிய மூன்றையும் யாரோ முன்னரே முடிவுசெய்த பிறகுதான் 'இடம்' உண்டாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திவாகரம் முதலிய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தன. தெய்வப்பெயர், மக்கட்பெயர் எனத் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளாக நிற்கும். மனனம் செய்தவருக்கு அங்கே தேடும் வேலையே இல்லை. செய்யாதவர் தொகுதியை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். கணினியின் நேர்வரிசைத் தேடலும் இதுவே. 1594 இல் சிதம்பர இரேவணசித்தர் தம் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசைக்குக் கொண்டுவந்தார். 1732 இல் வீரமாமுனிவரின் சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பிரிந்தது. எதுகை தேடுவோருக்குத் தொடையகராதி, சொற்பொருள் தேடுவோருக்குப் பெயரகராதி. ஒரு சொல்லுக்கு ஒரே இடம்தான் என்ற எண்ணம் அங்கேயே தளர்ந்துவிட்டது. 1842 இன் யாழ்ப்பாண அகராதியும் அகரவரிசை வழியிலேயே சென்றது.

அகரவரிசை வந்ததும் வேகமான தேடல் கைகூடுகிறது: நடுவில் திறந்து, தேடும் சொல் முன்னா பின்னா என்று பார்த்து, பாதியைத் தள்ளிவிடலாம். 1946 இல் கணினி முன்னோடி ஜான் மோக்லி கணினிக்கு இம்முறையைக் குறிப்பிட்டார். ஆயிரம் சொற்களுள் ஒன்றைப் பத்து ஒப்பீடுகளில் கண்டுவிடலாம். ஆனால், ஒழுங்கு எதுவென்று தேடுபவரும் அடுக்கியவரும் ஒத்திருக்கவேண்டும். தமிழ் வரிசையில் ஊர்ப்பெயர்களை முள்ளியவளை, வவுனியா, வற்றாப்பளை என்று அடுக்குவோம். றகரம் வகரத்துக்குப் பிந்தியது. கணினியில் எழுத்துக்குறிகளுக்கு எண் தரும் யூனிகோட் வரிசையிலோ றகரம் வகரத்துக்கு முந்தியது. அந்த எண்களை மட்டும் ஒப்பிடும் செய்நிரல், நடுவிலுள்ள வவுனியாவைப் பார்த்ததும் இடப்பக்கம் திரும்பும். முள்ளியவளையை மட்டும் கண்டு, வற்றாப்பளை பட்டியலிலேயே இல்லை என்று சொல்லிவிடும். இன்று தமிழுக்கெனத் தனி வரிசைப்படுத்தல் விதிகள் உள்ளனவே என்று கேட்கலாம். உள்ளன. ஒழுங்கைப் பட்டியலுக்கு வெளியிலிருந்து வழங்கவேண்டியிருக்கிறது என்பதற்கு அவையே சான்று.

எழுத்து மட்டத்துக்கு இறங்கினால் சிக்கல் கூடும். வற்றாப்பளை என்பதில் எழுத்துகள் ஆறு. யூனிகோட் குறிகள் பத்து. இதில் பகர உயிர்மெய்யைத் தேடச் சொன்னால் பைதன் 5 என்கிறது. பைதன் பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் அது ஆறாவது குறி: 'ப்' என்பதன் உடற்பகுதி. உண்மையான 'ப' ஐந்தாவது எழுத்து, எட்டாவது குறி. 'ற' என்று தேடினாலோ, இச்சொல்லில் இல்லாத உயிர்மெய்க்கும் ஓர் இடம் கிடைக்கிறது! இலக்கணமே உயிர்மெய்யைப் பிரித்துக் காட்டுகிறதே, கணினி பிரித்தால் என்ன குற்றம் என்பது வலுவான மறுப்பு. ஆனால் இலக்கணம் 'ற்' என்ற மெய்யோடு அகரத்தைச் சேர்த்து 'ற' ஆக்குகிறது. யூனிகோட், அதற்கு மூலமான இந்தியக் குறிமுறையைப் பின்பற்றி, 'ற' வைத் தளமாக்கிப் புள்ளியை ஒட்டுகிறது. திசையே எதிரானது.

வேகம் கருதியே கணினி எழுத்துகளை விட்டுக் குறிகளை எண்ணுகிறது என்பது அடுத்த மறுப்பு. சீ முதலிய செய்நிரல் மொழிகளில் சுட்டெண் என்பது தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கு. பூச்சியத்தில் தொடங்குவதும் அதனால்தான். அந்த நியாயம் நினைவகத்துக்குப் பொருந்தும், வாசகரின் எழுத்துக்குப் பொருந்தாது. 2014 இல் ஆப்பிள் வெளியிட்ட ஸ்விஃப்ட் மொழி, சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, வெறும் எண்ணால் சுட்ட இடம்தராமல், எழுத்தெழுத்தாக நடந்து எண்ணும் சுமையை ஏற்றுக்கொண்டது. வற்றாப்பளையின் நீளம் அதில் 6, பைதனில் 10.