சோச்சியும் மாமல்லபுரமும்

2014 நவம்பர் 15. ரஷ்யாவின் சோச்சி நகரில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். ஆளுக்கு இரண்டரைப் புள்ளி. 26-வது நகர்த்தலில் மாக்னஸ் கார்ல்சன் ராஜாவை டி2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். கை எடுத்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. எதிரே விஸ்வநாதன் ஆனந்த் ஒரு நிமிடம் போல யோசித்தார். பிறகு ஓரத்துச் சிப்பாயை ஏ4-க்குத் தள்ளினார்.

வீட்டிலுள்ள பலகையில் இந்த நிலையை நான் பலமுறை அடுக்கிப் பார்த்திருக்கிறேன். கறுப்புக் குதிரை ஈ5-இல் உள்ள சிப்பாயை வெட்டவேண்டும். வெள்ளை பதிலுக்கு ஜி8-இல் இருக்கும் யானையை வெட்டும். அந்த யானையைத் திருப்பி எடுக்க அவசரப்படாமல், குதிரை இன்னொரு தாவல் தாவி சி4 சிப்பாயையும் எடுத்து ராஜாவுக்குச் செக் வைக்கும். ராஜா டி2-வில் வந்து நின்றதால்தான் அந்தச் செக் கிடைக்கிறது. அதன்பிறகு யானைக்கு யானை. கணக்குப் பார்த்தால் இரண்டு சிப்பாய் லாபம், ஏறக்குறைய ஆட்டமே கையில். கிளப்பில் ஆடும் பையனுக்கு ‘இங்கே ஒன்று இருக்கிறது, கண்டுபிடி’ என்று கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவான். ஆனந்திடம் அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை. எதிர்பாராத பரிசைச் சில சமயம் கை நீட்டி வாங்கத் தோன்றாது என்ற பொருளில் அவரே பின்னால் பேசினார். அந்த ஆட்டத்தில் தோற்றார். நவம்பர் 23-ஆம் தேதி போட்டியையும் 6.5–4.5 என்று இழந்தார்.

இன்னொரு குதிரை மாமல்லபுரத்தில் விழுந்தது. 2022 ஆகஸ்ட் 8, செஸ் ஒலிம்பியாடின் பத்தாவது சுற்று. குதிரை முகமும் வேட்டியுமாகப் போட்டிச் சின்னமான ‘தம்பி’ சென்னைச் சுவர்களில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். இந்தியாவின் இரண்டாவது அணிக்கு முதல் பலகையில் குகேஷ், வயது 16. முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி, ஒன்பதாவதில் டிரா. பத்தாவதில் உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவ். வெல்லும் நிலையில் இருந்த குகேஷ், கடிகாரம் நெருக்கிய வேளையில் குதிரையை வைக்கக்கூடாத கட்டத்தில் வைத்தார். போயிற்று. சுற்று 2–2 என்று முடிந்தது. குகேஷ் டிரா செய்திருந்தாலே அணி வென்றிருக்கும். தலையைக் கையில் தாங்கி அவர் உட்கார்ந்திருந்த படம் பத்திரிகைகளில் வந்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போக, நம் பையன்களுக்கு வெண்கலம்.

இருவருக்கும் ஊர் ஒன்று, விளையாட்டு ஒன்று, இரண்டு தவறிலும் ஒரு குதிரை. ஆனாலும் இரண்டும் ஒரே ரகத் தவறு அல்ல. சோச்சியில் நடந்தது செய்யாமல் விட்ட தவறு; மாமல்லபுரத்தில் நடந்தது கையாலேயே செய்த தவறு. கையால் செய்ததை எல்லோரும் பார்க்கிறார்கள், தட்டிக்கொடுக்கிறார்கள், ‘சின்னப் பையன், விடுங்கள்’ என்கிறார்கள். செய்யாமல் விட்டதற்கு அந்த ஆறுதல் கிடையாது. ஆனந்துக்கு அப்போது 45 நிறைய மாதம் ஒன்றுகூட இல்லை. முந்தைய ஆண்டு சென்னையிலேயே, சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால், 6.5–3.5 என்று பட்டத்தை இழந்திருந்தார். இனி அவ்வளவுதான் என்று பலர் எழுதியும் விட்டார்கள். 2014 மார்ச்சில் காந்தி-மான்சீஸ்க் நகரில், சாம்பியனுக்கு எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியை ஒரு சுற்று மிச்சமிருக்கும்போதே வென்று திரும்பி வந்த மனிதருக்கு, அந்த டி2 இன்னொரு தடவை வராது. 16 வயதுக்கு அடுத்த ஒலிம்பியாட் இருக்கிறது. அதனால், இரண்டில் கனமானது எது என்று கேட்டால் சோச்சி என்றுதான் சொல்வேன்.

கனமானதிலிருந்துதான் அதிகம் கற்கிறோம் என்பதும் உண்மையில்லை. செஸ்ஸில் ஒரே நிலை இரண்டு முறை வருவது அபூர்வம். ‘இனி ராஜா டி2-வுக்கு வந்தால் ஈ5-ஐ வெட்டுவேன்’ என்று கற்றுக்கொண்டு என்ன பயன்? பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கும் ‘தோல்வியே வெற்றிக்கு முதல் படி’ இந்த இடத்தில் கைகொடுக்காது. அடுத்த நாற்காலியில் எப்படிப் போய் உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஆனந்துக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வு. போட்டியின் பாதியில் நிறம் மாற்றும் விதிப்படி ஏழாவது ஆட்டத்திலும் கார்ல்சனுக்கே வெள்ளை. அன்று கார்ல்சன் பிழிந்தெடுத்தார். ஆனந்த் ஒரு மந்திரியையே சிப்பாய்களுக்காகக் கொடுத்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கி, 122 நகர்த்தல்களில் டிரா எடுத்தார். அழகான ஆட்டம் ஒன்றுமில்லை. பார்த்தவர்கள் பாதியில் கொட்டாவி விட்டிருப்பார்கள். ஆனந்தின் புகழ்பெற்ற வெற்றிகள் சிலவற்றைவிட எனக்கு அந்த டிரா பெரிது. குகேஷுக்கு ஓய்வு நாளும் இல்லை. மறுநாளே ஜெர்மனியுடன் கடைசிச் சுற்று. அவர் டிரா செய்தார், அணி 3–1 என்று வென்றது. 11-க்கு 9 புள்ளி எடுத்து முதல் பலகைக்கான தனிநபர் தங்கத்தையும் வாங்கினார்.

ஆனந்தின் கணக்கில் இன்னொரு பழைய தவறும் உண்டு. 1988-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவிடம் ஆறே நகர்த்தலில் தோற்றார். வயது 18. முந்தைய ஆண்டு இரண்டு கிராண்ட் மாஸ்டர்கள் டிராவில் முடித்த ஆட்டத்தை நம்பி மந்திரியை எஃப்5-இல் வைத்தார். வெள்ளை ராணி ஈ2-வுக்கு வந்ததும் ஒரு காய் போவது உறுதி. அச்சில் வந்த ஆட்டத்திலும் அதே ஓட்டை இருந்தது; அங்கே எதிராளி அதைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். பிறர் காகிதத்தை நம்பிய அந்தத் தவறைத் திருத்திக்கொள்ள முடிந்தது: அச்சில் வந்ததையும் பலகையில் வைத்துச் சரிபார்த்தால் போதும். சோச்சித் தவறுக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது.

குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இந்த விஷயத்தில் எதிர்த் திசையில் போனார். மற்ற பிள்ளைகள் கம்ப்யூட்டர் இஞ்சினைத் திறந்துவைத்து விடை பார்க்கும் காலத்தில், குகேஷை வெகுநாள் இஞ்சின் இல்லாமலே வளர்த்தார். தவறு எங்கே என்று திரை சொல்லாது, நீயே தேடவேண்டும். தேடுகிறவனுக்குத் தன் தவறோடு அதிக நேரம் உட்காரவேண்டியிருக்கும். 2024 ஏப்ரலில் டொராண்டோவில் ஏழாவது சுற்றில் அலிரேசா ஃபிரூசாவிடம் தோற்ற பிறகுதான் அந்தக் கேண்டிடேட்ஸ் தன்னுடையதாகலாம் என்று தோன்றியதாகக் குகேஷ் சொன்னார். நம்ப முடியாத பேச்சுதான். ஆனால் மிச்சமிருந்த ஏழு சுற்றுகளில் அவர் ஆடியதைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது.

மாமல்லபுரம்தான் சிங்கப்பூரை உண்டாக்கியது என்று எழுத எனக்கு மனமில்லை. சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், டிங் லிரெனுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே குகேஷ் வெள்ளைக் காய்களோடு தோற்றார். 11-வதை வென்று முன்னே போய், 12-வதைத் தோற்றார். தவறு நின்றுபோகவில்லை. நின்றது, ஒரு தவறு அடுத்த ஆட்டத்துக்குள் நுழைவதுதான். இதில் மட்டும் சோச்சி ஆனந்தும் சிங்கப்பூர் குகேஷும் அண்ணன் தம்பிபோல எனக்குத் தெரிகிறார்கள். 2013-இல் கண்ணாடி அறைக்குள் ஆனந்தும் கார்ல்சனும் ஆடியபோது வெளியே அமர்ந்து பார்த்தவர்களில் ஏழு வயது குகேஷும் ஒருவர். பின்னாளில் அவருக்கு வழிகாட்டியவர்களில் ஆனந்தும் ஒருவர்.

2024 டிசம்பர் 12, பதினான்காவது ஆட்டம். புள்ளி சமம். டிராவை நோக்கி நகர்ந்த ஆட்டத்தில் 55-வது நகர்த்தலாக டிங் யானையை எஃப்2-வில் வைத்தார். சோச்சியின் டி2 போலவே, இதுவும் யாரும் எதிர்பார்க்காத பரிசு. குகேஷ் முதலில் கவனிக்கவில்லை. யானையை பி3-க்கு நகர்த்தவே இருந்தாராம். கை போவதற்குள் இன்னொரு முறை பார்த்தார். யானைகளை மாற்றிக்கொண்டு, மந்திரியை டி5-இல் வைத்தால் மந்திரிகளும் மாறியே தீரவேண்டும். மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு வெற்றி. தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார், யானையை வெட்டினார்.

டிங் கை கொடுத்துவிட்டு எழுந்து போனபின், 18 வயதுச் சாம்பியன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுதபடியே, கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொடக்கக் கட்டங்களில் அடுக்கினார்.