ஒற்றைப் பாட்டரியும் நடுப் பூஜ்யமும்

சங்க மலரில் ஆப்-ஆம்ப் பற்றிக் கட்டுரையா என்று சில அன்பர்கள் நெற்றியைச் சுருக்கலாம். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து, திருவனந்தபுரம் சாலைத் தெருவில் 1983இல் ரேடியோ உதிரிபாகக் கடை போட்டவன் நான். என் ஊர்ச் சமணக் கோயில் கல்வெட்டுகளைப் படிக்கிற ஆசையோடுதான் இந்தச் சில்லு வரலாற்றையும் படித்தேன். படிக்க வைத்தது ஒரு தவறு.

முதலில் கதையைச் சொல்கிறேன். ‘ஆப்பரேஷனல்’ பெருக்கி என்ற பெயரை 1947இல் அமெரிக்காவில் ரகாசினி முதலியோர் எழுதிய ஆய்வுரை நிலைநிறுத்தியது. மின்னழுத்தத்தைக் கொண்டு கூட்டல், கழித்தல் செய்யும் கருவி அது. கணக்கென்றால் குறை எண்ணும் வரும். ஆகவே கூட்டல் சப்ளை ஒன்று, கழித்தல் சப்ளை ஒன்று. வால்வுக் காலத்தில் பக்கத்துக்கு 300 வோல்ட். 1968இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் டேவ் ஃபுல்லாகர் வடிவமைத்த 741 வந்தபோது அது 15 ஆகச் சுருங்கியது. இரண்டு சப்ளை வைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

1972இல் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்.எம்.324 வந்தது. பதினான்கு காலில் நான்கு பெருக்கிகள். 3 முதல் 32 வோல்ட் வரை ஒரே சப்ளை. மறு ஆண்டு, 1973இல், நம் ஊரில் கெல்ட்ரான் பிறந்தது. நான் கடை திறந்த நாளில் 324 கேட்டு வராத பொறியியல் மாணவன் இல்லை.

1985 வாக்கில் நாகர்கோவில் தம்பி ஒருவர் வந்தார். ஜீப்பில் விளம்பரம் சொல்வதற்கு 12 வோல்ட் பாட்டரியில் மைக் பெருக்கி செய்யணும் என்றார். “324 போடுங்க தம்பி, ஒரே சப்ளை போதும், வேற ஒண்ணும் வேண்டாம்” என்று நான் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் ஊர் நடுவில் குரல் பாதியாக அறுந்து கரகரத்ததாம். கூலி போச்சு. “அண்ணாச்சி, நீங்க சொன்னபடிதானே போட்டேன்?” என்று நின்றார். எனக்குப் பதிலில்லை. அன்று ராத்திரி அகராதியை வைத்துக்கொண்டு டேட்டா ஷீட்டை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

விஷயம் இதுதான். ஆப்-ஆம்புக்கு எர்த் என்றொரு காலே கிடையாது. இரண்டு சப்ளைக் கால்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம்தான் அதற்குத் தெரியும். +15, -15 என்பது அதற்கு வெறும் 30. 324இன் சிறப்பு, அதன் உள்ளீடு அடிமட்டம் வரை இறங்கி வேலை செய்யும் என்பது. 741க்கு அது முடியாது. ஆனால் அடிமட்டத்துக்குக் கீழே போக எந்தச் சில்லாலும் ஆகாது. குரலோ மேலும் கீழும் ஆடுகிற அலை, கீழ்ப்பாதி வெட்டுப்பட்டது.

ஆகவே பூஜ்யத்தை நாமே 6 வோல்ட்டில் உண்டாக்க வேண்டும். பாட்டரிக்குக் குறுக்கே இரண்டு நூறு கே ரெசிஸ்டர். நடுப்புள்ளியிலிருந்து எர்த்துக்கு 10 மைக்ரோ கண்டென்சர்; அது இல்லாவிட்டால் ஜீப் டைனமோவின் இரைச்சலில் பாதி நேரே உள்ளே வந்துவிடும். அங்கிருந்து இன்னொரு ரெசிஸ்டர் வழியாக உள்ளீட்டுக்கு. மைக், ஸ்பீக்கர் பக்கம் இரண்டிலும் கண்டென்சர். முக்கியமாக, பின்னூட்டத்தின் கீழ் ரெசிஸ்டரும் கண்டென்சர் வழியாகத்தான் எர்த்துக்குப் போகணும். இல்லையென்றால் அந்த 6 வோல்ட்டும் பெருகி மேலே முட்டிக்கொள்ளும். 324க்கு வெளியீட்டிலிருந்து எர்த்துக்குச் சில கே ரெசிஸ்டர் ஒன்று போட்டால், அலை பக்கம் மாறுமிடத்துக் கரகரப்பும் தணியும்.

பூஜ்யம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கி.பி. 458ஐச் சேர்ந்த ‘லோகவிபாகம்’ என்ற சமண நூல், பூஜ்யத்தோடு இடமதிப்பு எண்கள் வழங்கும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று. காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்டது. இன்று கிடைப்பது அதன் வடமொழி வடிவம்தான். அதைப் படித்தவன், எர்த்தையே பூஜ்யம் என்று நம்பிக் கெட்டேன்!

தம்பிக்குச் சாமான்களை இனாமாகக் கொடுத்து, கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மாற்றிக் கட்டினோம். குரல் முழுசாக வந்தது. 324 இன்றும் விற்கிறது. யார் கேட்டாலும் பொட்டலத்தோடு இரண்டு நூறு கே ரெசிஸ்டரைச் சேர்த்துக் கொடுப்பேன். அதுக்குக் காசு வாங்குவதில்லை.