மண்ணுக்குள் கிடக்கும் ஏர்

நம் அங்கத்தினர்களில் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே போய்ச் சில மாதங்கள் தங்குகிறவர்கள் நயாகராவையும் வாஷிங்டனையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த தேசத்தின் நடுவே இருக்கும் இல்லினாய், அயோவா, நெப்ராஸ்கா பக்கம் போகிறவர்கள் குறைவு. அங்கே பழைய பண்ணை வீடுகளைச் சுற்றித் தோண்டினால் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் கிடைக்கின்றன. பழைய இரும்புதானே என்று தூக்கிப் போட்டால் அதோடு போயிற்று. இன்னது என்று கண்டுபிடித்தால், ஒரு குடும்பம் அந்த மண்ணில் எப்படிப் பிழைத்தது என்பது தெரியவரும்.

முதலில் அந்தப் பண்ணைகள் வந்த கதை. 1862 மே 20ஆம் தேதி ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ இருப்பவர் அரசாங்க நிலத்தில் 160 ஏக்கர் வரை கேட்கலாம். அதில் வீடு கட்டி, 5 வருஷம் குடியிருந்து, சாகுபடி செய்தால் நிலம் அவருக்கே சொந்தம். சட்டம் அமலுக்கு வந்த 1863 ஜனவரி 1ஆம் தேதியே மனுக் கொடுத்தவர்களில் டானியல் ஃப்ரீமன் என்பவரும் ஒருவர். நெப்ராஸ்காவில் பியாட்ரிஸ் என்ற ஊருக்கு அருகே இருக்கும் அவருடைய நிலம் இன்று தேசியப் பூங்கா. இந்த நிலங்கள் அதற்குமுன் செவ்விந்தியர்களிடமிருந்து வாங்கப்பட்டவை, பறிக்கப்பட்டவை என்பதையும் மறக்கலாகாது.

அந்தப் புல்வெளி மண் சாமானியமானதல்ல. புல்லின் வேர்கள் பல அடி ஆழம் போய்ப் பின்னிக் கிடக்கும். கறுத்த, பிசுபிசுப்பான மண். கிழக்குக் கடற்கரையிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வார்ப்பிரும்பு ஏரில் அது களிபோல் ஒட்டிக்கொண்டது. சில அடிக்கு ஒருமுறை நிறுத்திச் சுரண்ட வேண்டியிருந்தது. 1837ல் இல்லினாயின் கிராண்ட் டிடூர் என்ற சிற்றூரில் ஜான் டியர் என்ற கொல்லர், உடைந்த ரம்பத் தகட்டின் எஃகைக்கொண்டு வழவழப்பான ஏர் ஒன்றைச் செய்தார். மண் ஒட்டாமல் நழுவி விழுந்தது. பிறகு அவர் மொலீன் நகருக்குப் போய்த் தொழிலைப் பெருக்கினார். பழைய பட்டறை இருந்த இடமே மறந்துபோயிற்று. 1962ல் தொல்லியல் ஆய்வாளர்கள் தோண்டித்தான் அந்த இடத்தைக் கண்டார்கள். தோண்டிய பகுதியை அப்படியே வைத்து, மேலே ஒரு கட்டடம் எழுப்பி இன்றும் காட்டுகிறார்கள்.

சரி, ஒரு துண்டு கையில் கிடைத்தால் எப்படி அடையாளம் காண்பது?

முதலில் இரும்பின் ஜாதியைப் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பாக இருந்தால் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு விளிம்பில் தெரியும். உடைந்த இடம் பொரபொரவென்று இருக்கும். எழுத்துக்கள் புடைப்பாக இருக்கும். அடித்துச் செய்த தேனிரும்பு துருப்பிடிக்கும்போது மரத்தின் நார்போல் பிரியும். அது உள்ளூர்க் கொல்லர் வேலையாக இருக்க இடமுண்டு.

அடுத்தது வடிவம். ஒரு பக்கம் வளைந்து விரிந்த கனத்த தகடு, மண்ணைப் புரட்டிப்போடும் ஏர்ப்பலகை. கூரான துண்டு கொழு. உள்ளங்கை அகல முக்கோணத் தகட்டில் இரண்டு ரிவெட் துளைகள் இருந்தால், அது புல் வெட்டும் இயந்திரத்தின் கத்திப் பல். விரல்போல் நீண்டு நடுவே பிளவுள்ள துண்டு, அந்தக் கத்தி ஓடுவதற்கான காப்பு. இந்தப் பற்களின் வடிவம் அதிகம் மாறவில்லை. ஆகவே ஒரு பல்லை மட்டும் வைத்து வருஷம் சொல்ல முடியாது.

மூன்றாவதாக எழுத்தும் எண்ணும். கம்பெனிகள் ஒவ்வொரு உறுப்பிலும் ஓர் எண்ணை வார்த்துவிடுவார்கள். கொழு தேய்ந்தால் விவசாயி அந்த எண்ணை எழுதி மாற்று உறுப்பு வரவழைப்பார். அக்காலத்து விலைப்பட்டியல்களில் எண்ணைத் தேடினால் இயந்திரத்தின் பெயர் கிடைத்துவிடும். விஸ்கான்சின் மாநில வரலாற்றுச் சங்கத்தில் மக்கார்மிக், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனிகளின் காகிதங்கள் பெரும் தொகுப்பாக இருக்கின்றன. மக்கார்மிக்கும் டீரிங்கும் வேறு சிலருடன் சேர்ந்து ஒரே கம்பெனியானது 1902ல். இரண்டு பெயரும் சேர்ந்து ஒரு துண்டில் இருந்தால், அது அதற்குப் பிந்தியது என்பது நிச்சயம். காப்புரிமைத் தேதி இருந்தாலும் இதே கணக்குத்தான். பொருள் அதற்கு முந்தியதல்ல என்பதையே அது சொல்லும். செய்த வருஷத்தைச் சொல்லாது.

கூடக் கிடைக்கும் சில்லறைச் சாமான்களும் சாட்சி சொல்லும். தகட்டிலிருந்து வெட்டிய சதுர ஆணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருவழக்கு. கம்பியில் செய்த உருண்டை ஆணி 1890களில்தான் அவற்றை ஓரம்கட்டியது. முள்கம்பிக்கு ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்றது 1874ல். ஆகவே துண்டை எடுத்த இடம், ஆழம், பக்கத்தில் கிடந்தவை எல்லாவற்றையும் குறித்து, படம் எடுத்த பிறகே துருவைத் தொட வேண்டும். தேசியப் பூங்காக்களில் தோண்டுவதும் எடுப்பதும் குற்றம் என்பதையும் அங்கே போகிறவர்கள் நினைவில் வைக்கவும்.

இவ்வளவு அக்கறை எதற்கு? மண்ணுக்கு மேலே இருந்ததில் பெரும்பகுதி போய்விட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942 கோடையில், நெப்ராஸ்காவின் ஒமாஹா வேர்ல்ட் ஹெரால்டு பத்திரிகை பழைய இரும்பு சேகரிக்கும் இயக்கம் ஒன்றை நடத்தியது. அது தேசம் முழுவதற்கும் முன்மாதிரி ஆயிற்று. பத்திரிகைக்கு 1943ல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. கொட்டகைகளில் கிடந்த பழைய ஏரும் அறுவடை இயந்திரமும் உருக்காலைக்குப் போயின. யுத்தத்துக்கு அது தேவைதான். ஆனால் பல பண்ணைகளில் மிச்சமிருக்கும் அத்தாட்சி மண்ணுக்குள் கிடப்பது மட்டுமே.

ஒரு சுவையான ஒற்றுமை. 1797ல் நியூ ஜெர்ஸியில் சார்லஸ் நியூபோல்டு என்பவர் வார்ப்பிரும்பு ஏருக்குக் காப்புரிமை பெற்றார். இரும்பு மண்ணை விஷமாக்கிவிடும் என்று விவசாயிகள் வாங்க மறுத்தார்கள். நூறு வருஷம் கழித்து நம் தேசத்தில், பெல்காமில் லக்ஷ்மண்ராவ் கிர்லோஸ்கர் 1903ல் இரும்பு ஏர் செய்தபோது, அவரும் இதே பயத்தைச் சந்தித்தார். எங்கும் குடியானவன் மனசு ஒன்றுதான். ஒரு போகம் தவறினால் பட்டினி என்பவன் புதியதைச் சந்தேகிப்பதில் குற்றமில்லை.

நம் கிராமத்து வீட்டுக் கொல்லையில் தோண்டினால் இவ்வளவு கிடைக்காது. நம் கலப்பையில் கொழு ஒன்றுதான் இரும்பு. மேழியும் ஏர்க்காலும் நுகத்தடியும் மரம். கரையான் அரித்தால் தடயமே இராது. அமெரிக்கனுக்கு எண் பொறித்த இரும்பும் விலைப்பட்டியலும் இருக்கின்றன. நமக்கு இருப்பது பெரியவர்களின் ஞாபகம் ஒன்றே. குதிரும் மரக்காலும் ஏற்றமும் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே, பெயரையும் உபயோகத்தையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.