மாதிரியுருவும் கருதுகோளும்: ஸ்பியர்மன் – தொம்சன் விவாதம் தரும் படிப்பினை

சமூகவியல், கல்வியியல் ஆகிய துறைகளில் ஆராய்ச்சி செய்வோர், நேரே காணவியலாத பொருள்களைப் பற்றியே பெரும்பாலும் பேச வேண்டியவராயிருக்கின்றனர். மாணவனின் விடைத்தாளைக் காணலாம். அவன் பெற்ற புள்ளிகளைக் கூட்டலாம். ஆயின் அவ்விடையைப் பிறப்பித்த ஆற்றலைக் கண்டார் எவருமிலர். ஆதலின், அவ்வாற்றலைக் குறித்து முதலில் ஒரு கருதுகோள் அமைக்கப்படுகின்றது. அக்கருதுகோள் உண்மையாயின் புள்ளிகள் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது ஒரு மாதிரியுருவாக வகுக்கப்படுகின்றது. பின்னர், உண்மையாகப் பெற்ற புள்ளிகளோடு அம்மாதிரியுரு ஒப்பிடப்படுகின்றது. இரண்டும் ஒத்துவிடின் கருதுகோள் நிறுவப்பட்டதாகுமா? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரித்தானிய அறிஞர் இருவரிடையே நிகழ்ந்த விவாதத்தின் உயிர்நாடி இவ்வினாவே.

அவருள் மூத்தவர் சாள்ஸ் ஸ்பியர்மன். இராணுவ சேவையினின்று நீங்கி, ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வுண்ட் என்பாரிடம் உளவியல் பயின்ற இவர், பொது நுண்மதி பற்றிய தமது புகழ்பெற்ற கட்டுரையை 1904ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு பாடத்திற் சிறந்தவன் மற்றொன்றிலும் எந்த அளவுக்குச் சிறந்து நிற்கின்றான் என்பதைக் காட்டுவது இணைபுக் குணகம். பாடசாலைச் சிறாரின் தேர்ச்சிகளுக்கிடையே ஸ்பியர்மன் கண்ட குணகங்கள் நான்கை நோக்குக. தொன்மொழிகளுக்கும் ஆங்கிலத்துக்கும் 0.78, பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் 0.67, தொன்மொழிகளுக்கும் சங்கீதத்துக்கும் 0.63, பிரெஞ்சுக்கும் சங்கீதத்துக்கும் 0.57. முதலாவதை நான்காவதாற் பெருக்கின் 0.44 வரும்; இரண்டாவதை மூன்றாவதாற் பெருக்கின் 0.42 வரும். இரண்டும் ஏறத்தாழச் சமம்.

இவ்வொழுங்குக்கு ஸ்பியர்மன் கூறிய காரணம் எளிது. ஒவ்வொரு தேர்ச்சியும் இரு கூறுகளாலாயது: ஒன்று எல்லாப் பாடங்களுக்கும் அடிப்படையான பொதுக் காரணி, மற்றது அவ்வப் பாடத்துக்கே உரிய சிறப்புக் காரணி. இம்மாதிரியுரு உண்மையாயின் மேற்கண்ட பெருக்கங்கள் சமமாதல் வேண்டும், அவ்வாறே காணப்பட்டன. எனவே, மனத்தின்கண் பொது ஆற்றல் ஒன்று உளது என அவர் முடிவு செய்தார்.

கொட்பிரே தொம்சன் இம்முடிவை ஐயுற்றார். நியூகாசில் நகரின் ஆம்ஸ்ட்ரோங் கல்லூரியில் ஆசிரியராயிருந்த இவர், 1916ஆம் ஆண்டில், பொதுக் காரணி இன்றியே அவ்வொழுங்கு தோன்றுமெனக் காட்டும் கட்டுரையொன்றை வெளியிட்டார். அவர் கையாண்ட கருவி தாயக்கட்டை. கட்டைகளை உருட்டிப் பெற்ற எண்களைக் கொண்டு, கற்பனையான ‘சோதனைகள்’ சிலவற்றின் புள்ளிகளை அவர் அமைத்தார். சில கூறுகள் சில சோதனைகளுக்குப் பொதுவாயிருந்தன. எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவான கூறு எதுவும் வைக்கப்படவில்லை. அங்ஙனமிருந்தும், ஸ்பியர்மன் கண்ட அதே ஒழுங்கு அவ்வெண்களிலும் வெளிப்பட்டது. இத்தகைய அமைப்புத் தானாக நேர்வது அரிது என்று ஸ்பியர்மன் மறுத்தார். கூறுகளை எழுமாறாகத் தெரிந்தெடுப்பினும் அவ்வொழுங்கு இயல்பாகவே தோன்றுமெனத் தொம்சன் பின்னர் விளக்கினார்.

தொம்சனின் வாதத்தை எளிய கணக்கொன்றாற் காட்டலாம். மனத்தில் ஒன்றையொன்று சாராத 100 சிறு கூறுகள் உளவென்று கொள்க. நான்கு சோதனைகள் அவற்றுள் முறையே 81, 64, 49, 36 கூறுகளை எழுமாறாக எடுத்துக்கொள்கின்றன. முதலிரு சோதனைகளுக்கும் பொதுவாய் அமையும் கூறுகள் சராசரியாக 52 அளவின. இவற்றைக் கொண்டு எதிர்பார்க்கப்படும் இணைபு 0.72 ஆகும். இவ்வாறே முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் 0.63, இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் 0.48, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 0.42 எனப் பெறப்படும். 0.72ஐ 0.42ஆற் பெருக்கினும், 0.63ஐ 0.48ஆற் பெருக்கினும் விடை 0.3024. இனி, ஸ்பியர்மனின் முறைப்படி, ஒரே பொதுக் காரணி அந்நான்கு சோதனைகளிலும் முறையே 0.9, 0.8, 0.7, 0.6 என்னும் அளவிற் பங்குகொள்கின்றது எனக் கொள்ளினும், இதே எண்களே வரும். ஒன்றுக்கொன்று மாறான இரு மாதிரியுருக்கள் ஒரே அட்டவணையைப் பிறப்பிக்கின்றன. ஆகவே, அவ்வட்டவணை இரண்டனுள் எதனையும் தனித்து நிறுவ வல்லதன்று.

இவ்விவாதம் ஏட்டளவில் நின்றதன்று. நுண்மதி இளவயதிலேயே அளக்கத்தக்க பொது ஆற்றல் என்னும் உளவியலறிஞர் கருத்தை, இங்கிலாந்தின் இரண்டாந்தரக் கல்வியை ஆராய்ந்த ஸ்பென்ஸ் குழு 1938ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின் பின்னர், அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகளில், 11 வயதளவில் நடைபெற்ற பரீட்சையொன்று சிறாரைக் கிராமர் பாடசாலைக்கும் பிற பாடசாலைகளுக்கும் பிரித்தனுப்பியது. பலரது வாழ்க்கைப் பாதையை அப்பரீட்சையே வகுத்தது.

அப்பரீட்சைகளிற் பரவலாகக் கையாளப்பட்ட மோரே ஹவுஸ் சோதனைகளை, 1925இல் எடின்பரோவிற் கல்விப் பேராசிரியராகிய தொம்சனே இயற்றினார் என்பது நோக்கற்பாலது. இதில் முரண்பாடு இல்லை. இரண்டாந்தரக் கல்விக்கான இலவச இடங்களுக்குக் கிராமப் பாடசாலைகள் பல மாணவரையே அனுப்பாமை கண்டு, அங்கு மறைந்துகிடந்த திறமையை வெளிக்கொணரவே நோதம்பர்லாந்து மாவட்டத்தில் 1921இல் அவர் தமது முதற் சோதனைகளை அமைத்தார். ஒரு சோதனை பயன் தருவது வேறு. அது எதனை அளக்கின்றது என்னும் விளக்கம் வேறு. முன்னையதைக் கொண்டு பின்னையதை நிறுவலாகாது என்பது அவர்தம் நிலை.

தொம்சன் தாமும் எதிர்பார்த்த ஒன்று பொய்த்துப்போன வரலாறும் அறியத்தக்கது. பிள்ளைகள் மிகுந்த குடும்பங்களிற் பிறந்தோர் நுண்மதிச் சோதனைகளிற் சராசரியாகக் குறைந்த புள்ளிகளே பெற்றனர். ஆகவே, தலைமுறைதோறும் நாட்டின் சராசரி நுண்மதி வீழ்ச்சியுறும் என அறிஞர் பலர் அஞ்சினர். தொம்சனும் அவருள் ஒருவர். இதனைச் சோதித்தற்குரிய வாய்ப்பு ஸ்கொத்லாந்திற் கிட்டியது. அங்கு 1921இற் பிறந்த சிறார் 87,498 பேர் 1932ஆம் ஆண்டிற் சோதிக்கப்பட்டிருந்தனர். 1936இற் பிறந்த 70,805 பேருக்கு அதே சோதனை 1947இல் வைக்கப்பட்டது. சராசரிப் புள்ளி வீழவில்லை, 34.5இலிருந்து 36.7ஆக உயர்ந்தது. எதிர்பார்ப்புக்கு மாறான இம்முடிவு 1949இல் மறைக்கப்படாது வெளியிடப்பட்டது. இத்தகைய சோதனைகளிற் சிறார் பழக்கம் பெற்றமையும் உயர்வுக்குக் காரணமாகலாம் என்பதும் ஆராயப்பட்டது.

பழைய மாதிரியுருவின் குறையொன்றை, அமெரிக்காவின் மினசோட்டாக் குடும்பங்களை ஆராய்ந்தோர் 1962இல் எடுத்துக்காட்டினர். பாடசாலைச் சிறாரைக் கொண்டு பெற்றோரைக் கணிக்கும்போது, பிள்ளையே பெறாதவர்கள் கணக்கில் வருவதில்லை. குறைந்த புள்ளி பெற்றோருள் அத்தகையோர் மிகுதியாயிருந்தனர். அவர்களையும் சேர்த்துக் கணித்தவிடத்து, அஞ்சிய வீழ்ச்சிக்கு இடமில்லாது போயிற்று. எண்கள் பிழையானவையல்ல, மாதிரியுருவே சிலரை விட்டுவிட்டது.

பிற்காலத்திற் கணிப்புமுறைகள் பெரிதும் வளர்ந்தன. முன்கூட்டியே வகுத்த காரணி அமைப்பொன்றை எண்களோடு வைத்துச் சோதிக்கும் முறையை ஜோரெஸ்கோக் என்பார் 1969இல் செம்மைப்படுத்தினார். கணினிகள் அதனை எளிதாக்கின. எனினும், பழைய வினா மறையவில்லை. பார்தொலொமியூ முதலிய மூவர் தொம்சனின் கொள்கையை 2009இல் மீண்டும் ஆராய்ந்து, அது இன்றும் புறக்கணிக்கத்தக்கதன்று எனவும், இணைபுகளை மட்டும் கொண்டு இரண்டையும் வேறுபடுத்தல் இயலாதெனவும் எடுத்துரைத்தனர்.

இவ்வரலாறு ஆராய்ச்சியாளர்க்கு உணர்த்துவது யாது? மாதிரியுரு எண்களோடு பொருந்துதல் கருதுகோளுக்குச் சார்பான சான்றேயன்றி, அதன் நிறுவல் அன்று. வேறெந்த மாதிரியுரு இதே எண்களைத் தரும் என்று வினவுதலும், இருவேறு கருதுகோள்கள் இருவேறு விளைவைத் தரும் இடத்தைத் தேடி அங்கே சோதித்தலும், கணக்கில் வாராது விடுபட்டோர் யாவர் என்று நோக்குதலும் அவர்தம் கடமை. பதினொரு வயதுச் சிறுவனொருவனை எந்தப் பாடசாலைக்கு அனுப்புவது என்னும் தீர்மானம் ஒரு மாதிரியுருவைச் சார்ந்திருக்குமாயின், அக்கடமை இன்னும் பெரிதாகும்.