டம்டம்: தோட்டாவின் வாயை மூடிய ஊர்

கொல்கத்தா விமான நிலையத்துக்குப் போகும் ஜெசோர் சாலையில் ஒரு பழைய படைக்கலத் தொழிற்சாலை இருக்கிறது. 1846இல் தொடங்கியது. அதற்கும் முன்பே, 1783 முதல் 1853 வரை, வங்காளப் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்த ஊர் டம்டம். கொடிய காயம் உண்டாக்கும் ஒரு குண்டின் பெயராகத்தான் உலகம் இந்த ஊரை அறியும். ஆனால் இங்கே உழைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டியது வேறொரு கேள்வியோடு: குண்டும் வெடிமருந்தும் சுடும் நொடிவரை பிரியாமல் இருக்க என்ன செய்வது?

முதலில் காகிதம். 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா ஒரு காகிதக் குழல்தான். மருந்து இருக்கும் முனையை முறுக்கி மூடியிருப்பார்கள். குண்டு இருக்கும் பக்கத்தில் கொழுப்பு தடவியிருக்கும். முறுக்கிய முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைத் துப்பாக்கிக் குழாய்க்குள் கொட்டி, குண்டை இடித்து இறக்க வேண்டும். எந்த விலங்கின் கொழுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுத அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை.

1857 ஜனவரியில் டம்டம் கிடங்கின் கலாசி, அதாவது கீழ்நிலைத் தொழிலாளி, ஒருவர் ஒரு பிராமணச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சிப்பாய் சாதி சொல்லி மறுத்தார். பசுவும் பன்றியும் கலந்த கொழுப்பைக் கடிக்கப்போகிறீர்கள், பிறகு உங்கள் சாதி எங்கே இருக்கும் என்று கேட்டார் கலாசி. டம்டமில் பணியிலிருந்த லெப்டினன்ட் ரைட் 22ஆம் தேதி இதை மேலிடத்துக்கு எழுதினார். கொழுப்பைச் சிப்பாய்களே வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்றார்கள். கடிக்காமல் கையால் கிழிக்கும் யோசனையும் வந்தது. பயம் போகவில்லை. மார்ச் 29 அன்று பாரக்பூரில் சிப்பாய் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். அந்தக் கலாசியின் பெயரை அன்றைய அதிகாரிகள் எழுதிவைக்கவில்லை. சாதி அவமதிப்புக்கு அவர் சொன்ன பதில்தான் ஒரு பேரரசின் காதுவரை போனது என்பதால், அந்த விடுபடல் உறுத்துகிறது.

அடுத்து பித்தளை. 1866இல் பாக்ஸர் தோட்டா வந்ததும் கடிப்பதற்கு எதுவும் இல்லாமல் போனது. தோட்டாவின் பித்தளைக் கூட்டின் வாயை உள்நோக்கி அழுத்திக் குண்டை இறுக்கிப் பிடிக்க வைப்பது தொழிலின் நுட்பமாயிற்று. இதைத்தான் இன்றைய துப்பாக்கிக்காரர்கள் கிரிம்ப் என்கிறார்கள். அதற்கான அச்சு கிரிம்ப் டை. ரிவால்வரில் இது உயிர்போகும் விஷயம். ஒரு தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. உருளையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் குண்டுகள் அந்த உதையில் கூட்டைவிட்டு முன்னால் நழுவும். ஒன்று வெளியே நீண்டுவிட்டால்கூட உருளை சுழலாது. அதனால்தான் ரிவால்வர் குண்டில் ஒரு பள்ளம் வெட்டி, கூட்டின் விளிம்பை அதற்குள் சுருட்டி மடித்தார்கள். தானியங்கி பிஸ்டல்கள் பலவற்றில் தோட்டா தன் வாய் விளிம்பை முட்டுக்கொடுத்தே அறைக்குள் நிற்கும். அங்கே விளிம்பைச் சுருட்டக் கூடாது, மெல்லச் சரித்து இறுக்கினால் போதும்.

வேட்டையில் மட்டும் காகிதம் நீடித்தது: வேட்டைக்குப் போன வெள்ளைக்காரத் துரைகள் தங்கள் காகிதத் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பி, கைப்பிடி சுழற்றும் சிறு கருவியால் வாயை மடித்துக்கொள்வது அந்தக் காலத்தில் சாதாரணம்.

வடமேற்கு எல்லையில் நடந்த 1895 சித்ரால் போரில் புதிய .303 குண்டு எதிரியை நிறுத்தவில்லை என்று ராணுவம் குறைப்பட்டது. டம்டம் தொழிற்சாலையின் கண்காணிப்பாளர் கேப்டன் பெர்டி-க்ளே, குண்டின் மூக்கில் உலோக உறையைச் சிறிது நீக்கி ஈயம் தெரியும்படி செய்தார். உடலில் பட்டதும் அது மலர்ந்து விரியும். 1897 திராப் போரில் அஃப்ரீதிப் பழங்குடியினர்மேல் இது பாய்ந்தது. இதிலும் பழைய சிக்கலே தலைகாட்டியது. உறை அடியில் ஏற்கெனவே திறந்திருந்தது. மூக்கும் திறந்ததும், ஈயம் மட்டும் பறந்துபோய் உறை குழாய்க்குள்ளேயே தங்கிவிடும் ஆபத்து வந்தது.

1899 ஹேக் மாநாட்டில் ஜூலை 29 அன்று விரியும் குண்டுகளுக்குத் தடை. எதிர்த்தவை பிரிட்டனும் அமெரிக்காவும். நாகரிகமற்றவர்கள் காயம்பட்டும் ஓடிவருவார்கள், அவர்களுக்கு இது வேண்டும் என்று வாதிட்டார் பிரிட்டனின் சர் ஜான் ஆர்டா. அந்தக் குண்டின் உண்மையான வெட்கம் இந்த வாதத்தில்தான் இருக்கிறது. பெயரை மட்டும் டம்டம் சுமக்கிறது. உள்ளீடற்ற மூக்குள்ள குண்டுகளை வடிவமைத்த இங்கிலாந்தின் வுல்விச் ஆயுத ஆலையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. வெப்ளி ரிவால்வருக்கு 1898இல் வந்த அத்தகைய .455 குண்டும் திரும்பப் பெறப்பட்டது. 1907இல் பிரிட்டனும் தடையை ஏற்றது.

இது படையின் கதை; மக்களின் கதை வேறு. 1878 ஆயுதச் சட்டத்துக்குப் பின் இந்தியர்களுக்குத் துப்பாக்கியைப் போலவே தோட்டாவும் கிடைப்பது பெரும்பாடு. ஆலையில் வாய் மூடி வரும் பித்தளைத் தோட்டாவை வீட்டில் காகிதம் சுருட்டிச் செய்துவிட முடியாது. 1914 ஆகஸ்ட் 26 அன்று கொல்கத்தாவில் துப்பாக்கி வணிகம் செய்த ராடா கம்பெனிக்கு வந்த 202 பெட்டிகளில் 10 பெட்டிகளை, அங்கே வேலை பார்த்த ஸ்ரீஷ் சந்திர மித்ரா வழியாகப் புரட்சியாளர்கள் கடத்தினார்கள். 50 மௌசர் பிஸ்டல்கள், 46,000 தோட்டாக்கள். அவை 54 சம்பவங்களில் பயன்பட்டதாக அரசு அமைத்த ரௌலட் குழு 1918இல் எழுதியது. 1915 செப்டம்பர் 9 அன்று பாலசோர் அருகே புரட்சியாளர் பாகா ஜதினும் அவருடைய நான்கு தோழர்களும் மௌசர்களோடு போலீஸ் படையை எதிர்த்து நின்றார்கள். தோட்டாக்கள் தீர்ந்தபோது சண்டை முடிந்தது. ஜதின் மறுநாள் பாலசோர் மருத்துவமனையில் இறந்தார்.