பர்மா நெல்லும் நகரத்தார் முதலும்

கொண்டு விற்கச் சென்ற நம் முன்னோர் பர்மாவில் ஈட்டிய பொருளைப் பற்றிப் பேசாத குடும்பம் நம்மவருள் இல்லை. அப்பொருள் எங்ஙனம் நிலமாக மாறிற்று, அந்நிலம் எவர் கையினின்று வந்தது என்று வினவுவோர் மிகச் சிலரே. அதனை இங்கே சிறிது ஆராய்வோம்.

1852-ஆம் ஆண்டு யுத்தத்தில் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐராவதிக் கழிமுகத்து நெல்லுக்கு ஐரோப்பாவும் அண்மைச் சந்தையாயிற்று. ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப்பர்மா நெற்சாகுபடி, 1930-களில் 80 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. காட்டை வெட்டிக் கழனியாக்கியவன் பர்மியக் குடியானவன். மாட்டுக்கும் விதைக்கும் கூலிக்கும் அவனுக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய பாங்குகளோ அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொடுத்தவர்கள் நம்மவர்களே. 1930-ஐ ஒட்டி அங்கே நம்மவர் தொழிலில் இட்டிருந்த தொகை சுமார் 75 கோடி ரூபாய் என்று பர்மா பாங்கிங் விசாரணைக் கமிட்டியார் மதிப்பிட்டனர். பெண்மக்களின் சீதனப் பணமும் நம் கடைகளில் வட்டிக்கு விடப்படுவது வழக்கமன்றோ?

நியூயார்க்கில் 1929-இல் பங்கு விலை வீழ்ந்ததை அக்குடியானவன் கேள்வியுற்றிருக்கவும் மாட்டான். ஆயினும் அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் அவன் நெல்லின் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. கடன் மட்டும் பழைய தொகையாகவே நின்றது. முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே நம்மவரிடம் இருந்தது. 1938-இல் அது 25 பங்காயிற்று.

நம்மவரிற் பலர் அந்நிலத்தை விரும்பி வாங்கவில்லை என்பது மெய்யே. பணம் கொடுத்துப் பணம் வாங்குவது நம் தொழில்; மண்ணை வைத்துக்கொண்டு, வட்டிக்குப் பணம் போட்டவருக்கு என்ன விடை கூறுவது? ஆனால் தான் திருத்திய கழனியில் தானே குத்தகைக்காரனாய் நின்றவனுக்கு இந்த நியாயம் எவ்வாறு புலப்படும்? 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் கலகம் மூண்டது. வரியும் கடனும் சேர்ந்து நெருக்கிய துயரத்தை மறந்து, அதனை வெறும் நன்றிகேடு என்று நம்மவர் கூறுவதை நாம் ஒப்புவதற்கில்லை.

1942-இல் ஜப்பானியர் புகுந்தனர். 1948-இல் நிலத்தைச் சர்க்கார் உடைமையாக்கும் சட்டம் பிறந்தது. எதிர்பார்த்த ஈடு கிட்டவில்லை. மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த பெருமுதலாளிகள் ஒருவாறு நிமிர்ந்தனர். பர்மாத் தேக்குத் தூண்கள் அவர்கள் வீடுகளில் நின்றன. சீதனம் முழுவதையும் இரங்கூன் கடை ஒன்றிலேயே போட்டிருந்த விதவைக்கோ, கேட்பதற்கு வேறு கடை இல்லை.